அடுத்த கூட்டுப் பயிற்சிக்கு ஒரு சரக்குக் கப்பலையும் கூப்பிடுங்கள்

மும்பை மேற்குக் கடற்படைத் தலைமையகத்தின் தலைமை அதிகாரி அவர்களுக்கும், பன்னாட்டுக் கூட்டுப் பயிற்சிகளைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கும்

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். இனி நம் கரைக்கு அப்பால் பல நாட்டுக் கடற்படைகள் சேர்ந்து பயிற்சி செய்யும்போது, அதில் ஓர் உண்மையான சரக்குக் கப்பலையும் இரண்டு மூன்று மீன்பிடி விசைப்படகுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேடிக்கை பார்க்க அல்ல, துறைமுகத்தில் நடக்கும் வரவேற்பு விருந்துக்கும் அல்ல. கடத்தப்பட்ட கப்பலாக, தீப்பிடித்த கப்பலாக, ரேடியோவில் பதறிப்போய்ப் பேசும் கப்பலாக, அதன் மாலுமிகளோடு அப்படியே சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் வணிகக் கப்பல்களில் சீஃப் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் தூத்துக்குடி, குடியிருப்பது செம்பூர். பேலாப்பூர் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்தில் பையன்களுக்கு வகுப்பெடுக்கிறேன். நவி மும்பையில் நெருள், சான்பாடா பக்கம் போனால் தெரியும்: தூத்துக்குடி, ராமநாதபுரம், கன்னியாகுமரியிலிருந்து வந்த இளைஞர்கள் ஓர் அறைக்கு ஆறு பேர் ஏழு பேர் என்று தங்கி, எந்தக் கம்பெனி கூப்பிடும் என்று காத்துக்கிடப்பார்கள். செங்கடலில் ஏதாவது நடந்தால் இவர்களுடைய அப்பா அம்மாக்கள் எனக்குத்தான் போன் போடுவார்கள். "அண்ணாச்சி, பிள்ளைய அந்தப் பக்கம் அனுப்பலாமா? ஒண்ணு ஆச்சுன்னா நேவி வருமா?" வரும் என்றுதான் சொல்வேன். வந்த கதைகளும் கைவசம் இருக்கின்றன. வந்தபிறகு என்ன நடக்கும் என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

கூட்டுப் பயிற்சிகளைக் குறை சொல்ல வரவில்லை. எட்ட நின்று பார்க்கிறவர்களுக்கு அது அணிவகுப்புப் படம் மட்டும்தான்: நாலைந்து நாட்டுக் கொடிகள், வரிசையாகப் போர்க்கப்பல்கள், மேலே ஹெலிகாப்டர். கடலில் வேலை பார்த்தவனுக்கு அதன் அருமை வேறு. ஓடிக்கொண்டிருக்கும் எண்ணெய்க் கப்பலின் பக்கத்தில், ஐம்பது மீட்டரை ஒட்டிய இடைவெளியில், அதே வேகத்தில் இன்னொரு நாட்டுக் கப்பல் ஓட, நடுவில் குழாய் தொங்கவிட்டு எரிபொருள் ஏற்றுவது விளையாட்டல்ல. இரண்டு பெரிய கப்பல்கள் பக்கவாட்டில் நெருங்கி ஓடினால் தண்ணீரே ஒன்றையொன்று இழுக்கும். சுக்கான் பிடிப்பவனின் கை ஒரு டிகிரி தப்பினால் போச்சு. வேறு மொழி பேசுகிற, வேறு பள்ளியில் படித்த இருவர் இதைச் சேர்ந்து செய்கிறார்கள் என்றால், பல வருடப் பழக்கம் அது.

பழக்கம் வர வருடங்கள் ஆனதும் உண்மை. மலபார் பயிற்சி 1992இல் இந்தியாவும் அமெரிக்காவும் மட்டும் தொடங்கியது. 1998இல் அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு நின்றுபோய், 2002இல் மறுபடி கிளம்பியது. 2015இல் ஜப்பான் நிரந்தரமாகச் சேர்ந்தது, 2020இல் ஆஸ்திரேலியா வந்தது. மிலன் என்ற பன்னாட்டுப் பயிற்சி 1995இல் போர்ட் பிளேரில் இந்தோனேசியா, சிங்கப்பூர், இலங்கை, தாய்லாந்து என்று நாலு விருந்தாளிகளோடு ஆரம்பித்து, 2024இல் விசாகப்பட்டினத்தில் ஏறக்குறைய 50 நாடுகள் என்று வளர்ந்து நிற்கிறது. நம் பக்கத்தில் பிரான்சோடு வருணா, பிரிட்டனோடு கொங்கண். 2025 அக்டோபரில் நடந்த கொங்கண் பயிற்சிக்கு நம்முடைய விக்ராந்தும் அவர்களுடைய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும், இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களும் வந்திருந்தன. அதே ஆண்டு ஏப்ரலில் ஐ.என்.எஸ். சுனைனாவில் ஒன்பது நட்பு நாடுகளின் கடற்படையினரை நம் ஆட்களோடு ஒரே கப்பலில் ஏற்றிக் கார்வாரிலிருந்து அனுப்பினீர்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டு, ஒரே வாட்ச்சில் (முறைக்காவலில்) நின்றால்தான் ஒருவர் வேலையை இன்னொருவர் புரிந்துகொள்வார்.

சரி, இப்போது 2024ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மிலன் பிப்ரவரியில் நடந்தது. அதற்கு முன்னும் பின்னும் அரபிக்கடலிலும் ஏடன் வளைகுடாவிலும் நடந்தவை உங்கள் பதிவேட்டிலேயே இருக்கும். ஜனவரி 5: லீலா நார்ஃபோக் என்ற சரக்குக் கப்பலில் ஆயுதத்தோடு ஆட்கள் ஏறிவிட்டார்கள் என்று செய்தி வந்து, ஐ.என்.எஸ். சென்னை விரைந்தது. 21 மாலுமிகள் மீட்கப்பட்டார்கள், அதில் 15 பேர் இந்தியர். (நம் ஊர்ப் பெயர் தாங்கிய கப்பல் என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம், மறைக்க மாட்டேன்.) ஜனவரி 26: மார்லின் லுவாண்டா எண்ணெய்க் கப்பலில் ஏவுகணை விழுந்தது. அந்த மாதக் கடைசியில் ஐ.என்.எஸ். சுமித்ரா ஈரானிய மீன்பிடிப் படகு ஒன்றைக் கொள்ளையரிடமிருந்து மீட்டது. ஒன்றிரண்டு நாளுக்குள் இன்னொரு படகையும் மீட்டது. அதில் இருந்த 19 பேரும் பாகிஸ்தானியர்கள். மார்ச் 6: ட்ரூ கான்ஃபிடென்ஸ் தாக்கப்பட்டு மூன்று மாலுமிகள் செத்தார்கள், கப்பலில் இருந்த 21 பேரை ஐ.என்.எஸ். கொல்கத்தா காப்பாற்றியது. மார்ச் 16: அதே கொல்கத்தா, மூன்று மாதமாகக் கொள்ளையர் கையிலிருந்த ரூயன் கப்பலை, 40 மணி நேரம் மல்லுக்கட்டி மீட்டது. கடற்படையின் கமாண்டோக்களான மார்கோஸ் வீரர்கள் விமானத்திலிருந்து கடலில் குதித்தார்கள். 17 மாலுமிகள் உயிரோடு வந்தார்கள். பிடிபட்ட 35 கொள்ளையரும் மார்ச் 23 அன்று இதே மும்பைக்குக் கொண்டுவரப்பட்டு நகரப் போலீஸிடம் ஒப்படைக்கப்பட்டார்கள்.

இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு சம்பவத்தில்கூட எதிரே நின்றது இன்னொரு நாட்டுப் போர்க்கப்பல் இல்லை. எல்லாவற்றிலும் நீங்கள் பேச வேண்டியிருந்தது பல்கேரியனோடு, மியான்மர்க்காரனோடு, வங்காளதேசத்தானோடு, ஈரானிய மீனவனோடு, நம்ம ஊர்ப் பையனோடு. பயிற்சியில் நீங்கள் பேசிப் பழகுவதோ பிரெஞ்சு, ஜப்பானியக் கடற்படை அதிகாரிகளோடு. உங்கள் இரு தரப்புக்கும் பொதுவான கையேடு உண்டு. சமிக்ஞை முறை உண்டு. திடீரென்று எதிரெதிரே வந்தால் எப்படி நடந்துகொள்வது என்று 2014இல் பல நாட்டுக் கடற்படைகள் ஒப்புக்கொண்ட ஒழுங்குமுறைகூட உண்டு. எங்களுக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பது சேனல் 16 என்ற ரேடியோ அலைவரிசை மட்டும்தான்.

கூட்டுப் பயிற்சிகளில் சந்தேகக் கப்பலில் ஏறிச் சோதனை போடும் ஒத்திகை எப்போதும் இருக்கிறது, தெரியும். ஆனால் அந்தச் சந்தேகக் கப்பலாக நடிப்பது பெரும்பாலும் உங்களுடைய எண்ணெய்க் கப்பலோ இன்னொரு போர்க்கப்பலோதான். ஏறுகிறவரும் கடற்படை, ஏற்றுக்கொள்கிறவரும் கடற்படை. ஏணியை எந்தப் பக்கம் போட வேண்டும், எங்கே வரிசையாக நிற்க வேண்டும், கையை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்று நடிக்கிறவருக்கே தெரியும். உண்மையான சரக்குக் கப்பலில் அப்படி யாருக்கும் எதுவும் தெரியாது.

இரவு பத்து மணி வாட்ச்சைச் சொல்கிறேன். கப்பலின் பிரிட்ஜில் இருப்பது இரண்டே பேர்: ஒரு தேர்ட் ஆபீசர், வயது இருபத்து நான்கோ ஐந்தோ, கூட வெளியே பார்த்துச் சொல்ல (லுக்அவுட்) ஒரு ஏபி, அதாவது அனுபவமுள்ள மாலுமி. ராடாரில் ஒரு புள்ளி. கப்பல்கள் தம் பெயரையும் இடத்தையும் தானாக அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவியில் பெயர் வரவில்லை, போர்க்கப்பல் என்றால் பெரும்பாலும் காட்டாது. ரேடியோவில் ஒரு குரல் அட்சரேகை, தீர்க்கரேகை சொல்லி, "உங்களைத்தான் கூப்பிடுகிறேன்" என்கிறது. அவன் தன் இடத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்குள் குரல் இரண்டாம் தடவை வருகிறது, கொஞ்சம் அதட்டலாக. கடைசித் துறைமுகம் எது, அடுத்தது எது, சரக்கு என்ன, ஆட்கள் எத்தனை, எந்தெந்த நாடு, ஆயுதக் காவலர் உண்டா? வரிசையாகக் கேள்வி. ஒரு கையில் ரேடியோ, இன்னொரு கையில் பென்சில். பக்கத்தில் ஒரு மீன்பிடிப் படகுக் கூட்டம் வேறு வழியை மறிக்கிறது. ஒருவழியாகச் சொல்லி முடித்து மூச்சு விட்டால், அரை மணி நேரத்தில் வேறொரு நாட்டுப் போர்க்கப்பல் அதே கேள்விகளை முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. உண்மையில் பேசுவது போர்க்கப்பல்தானா, கொள்ளையன் வேவு பார்க்கிறானா என்ற சந்தேகமும் அவனுக்கு வரத்தான் செய்யும். வரவேண்டும் என்றுதான் நானே வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன்.

என் வகுப்பில் இதை நாங்கள் ஒத்திகை பார்க்கிறோம். நான் போர்க்கப்பலாகப் பேசுவேன், பையன் கப்பலாகப் பதில் சொல்வான். எவ்வளவு அதட்டினாலும் என் குரல் அவனுக்குப் பழகிய குரல். ஒரு பிரெஞ்சு அதிகாரி பேசுகிற ஆங்கிலத்தையோ கொரிய அதிகாரி பேசுகிற ஆங்கிலத்தையோ நான் எங்கே போய்க் கொண்டுவருவேன்? உங்களிடம் அத்தனை பேரும் ஒரே வாரத்தில் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். ஒரு மாலை நேரம் கொடுத்தால்கூடப் போதும்.

தீயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் பேச்சைவிட இரும்புதான் முக்கியம். மார்லின் லுவாண்டாவில் எரிந்தது நாஃப்தா, சட்டென்று தீப்பிடிக்கும் பெட்ரோலியப் பொருள். கப்பலில் 22 இந்தியரும் ஒரு வங்காளதேசத்தவரும் இருந்தார்கள். ஐ.என்.எஸ். விசாகப்பட்டினத்திலிருந்து பத்துப் பேர் தீயணைப்புக் குழுவாகப் போனார்கள். பிரெஞ்சுக் கப்பலும் அமெரிக்கக் கப்பலும் உதவிக்கு வந்தன. தீ அடங்கியது, கப்பலும் தப்பியது. உண்மையான பன்னாட்டு ஒத்துழைப்பு என்றால் என்னைப் பொறுத்தவரை அந்த ஒரு நாள்தான்.

அப்படி ஒரு நாளில் கைக்கு வரவேண்டிய ஒரு பொருள் எல்லாக் கப்பலிலும் இருக்கிறது. இன்டர்நேஷனல் ஷோர் கனெக்‌ஷன் என்போம். வெளி விட்டம் 178 மில்லிமீட்டர், உள் விட்டம் 64, நாலு துளை, நாலு போல்ட்டு நட்டு, எட்டு வாஷர், ஒரு கேஸ்கெட். சிவப்புப் பெட்டியில் தொங்கும். ஒவ்வொரு நாட்டுக்கும் தீயணைப்புக் குழாயின் கப்ளிங் ஒவ்வொரு மாதிரி: சிலது திருகுவது, சிலது சொருகுவது, சிலது பூட்டுவது. அதனால் எவன் தண்ணீர் கொடுத்தாலும் எவன் கப்பலும் வாங்கிக்கொள்ளலாம் என்பதற்காக உலகமே ஒப்புக்கொண்ட ஒரே அளவு அது. கப்பல் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கை அதைக் கட்டாயம் ஆக்கியிருக்கிறது. சரி, அதை யாராவது எடுத்து மாட்டிப் பார்த்திருக்கிறார்களா? இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர் பெட்டியைத் திறந்து, போல்ட்டை எண்ணி, மூடிவிட்டுப் போவார். நானும் வருடக்கணக்கில் அதற்குக் கிரீஸ் தடவி வைத்திருக்கிறேன். கடலின் நடுவில், ஆடும் கப்பலில், ஒரு போர்க்கப்பலின் குழாயோடு அதை மாட்டி அழுத்தம் ஏற்றிப் பார்த்ததாக என்னோடு வேலை பார்த்தவர்கள் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இதைச் செய்து பார்க்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆறு நாட்டுக் கப்பல்கள் மும்பைக்கு வெளியே நிற்கும்போது, ஆறையும் ஒரு சரக்குக் கப்பலின் தீக்குழாயோடு மாட்டிப் பாருங்கள். எது சேர்கிறது, எது ஒழுகுகிறது, யாரிடம் இடையில் போடும் அடாப்டர் இல்லை என்று அன்றே தெரிந்துவிடும்.

தூரத்துக் கடலில் நடப்பதுதானே என்று யாரும் நினைக்க வேண்டாம். 2025 ஜூனில் வான் ஹை 503 கண்டெய்னர் கப்பல் கேரளக் கரைக்கு அப்பால் தீப்பிடித்தது. கப்பலில் இருந்த 22 பேரில் 18 பேரை ஐ.என்.எஸ். சூரத் கரை சேர்த்தது. அந்தக் கப்பல் கொழும்பிலிருந்து இங்கேதான், மும்பையை ஒட்டிய நவசேவா துறைமுகத்துக்குத்தான், வந்துகொண்டிருந்தது.

அடுத்தது தகவல். பழைய கதை ஒன்றைக் கிளற வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். 2008 நவம்பரில் ஐ.என்.எஸ். தபர் ஏடன் வளைகுடாவில் கொள்ளையரின் தாய்க்கப்பல் ஒன்றை மூழ்கடித்தது. கப்பலிலிருந்து சுடப்போவதாக மிரட்டினார்கள், தற்காப்புக்காகத் திருப்பிச் சுட்டோம் என்று கடற்படை சொன்னது. அப்புறம்தான் அது தாய்லாந்து நாட்டு மீன்பிடிக் கப்பல், கொள்ளையர் கடத்திவைத்திருந்தது, உள்ளே மீனவர்களும் இருந்தார்கள் என்று அதன் உரிமையாளர் தரப்பிலிருந்து செய்தி வந்தது. அந்த மீனவர்களில் ஒருவர் பல நாள் கடலில் மிதந்து உயிர் தப்பினார். தபரில் இருந்தவர்கள் அந்த நேரத்தில் கண்ணால் கண்டதை வைத்துத்தான் முடிவெடுத்திருப்பார்கள். கடத்தல் நடந்திருக்கிறது என்ற செய்தி கரையில் ஒருவரிடம் இருந்தும், கடலில் துப்பாக்கியோடு நின்றவரிடம் போய்ச் சேராததுதான் கோளாறு.

இன்னொன்று ஆஸ்பால்ட் வென்ச்சர். 2010 செப்டம்பரில் கடத்தப்பட்டது. 2011 ஏப்ரலில் பணம் கைமாறியது, கப்பலை விட்டார்கள், ஆனால் மாலுமிகளில் ஏழு இந்தியர்களை மட்டும் பிடித்துவைத்துக்கொண்டார்கள். காரணம், அந்த ஆண்டு தொடக்கத்தில் லட்சத்தீவுப் பக்கமும் அரபிக்கடலிலும் நீங்கள் நூற்றுக்கும் மேற்பட்ட சோமாலியரைப் பிடித்து மும்பைக்குக் கொண்டுவந்திருந்தீர்கள். அவர்களை விட்டால் இவர்களை விடுவோம் என்றார்கள். ஏழு பேரும் வெளியே வர 2014 அக்டோபர் ஆனது. பிடித்தது தப்பு என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். நீங்கள் பிடிக்கவில்லை என்றால் இன்னும் எத்தனை கப்பல் போயிருக்குமோ. ஆனால் கடலில் நீங்கள் எடுக்கும் முடிவின் பலன் வேறொரு கப்பலில் இருக்கும் மாலுமி தலையில் விடியும் என்பதை, பயிற்சியை எழுதுகிறவர்கள் ஒரு காட்சியாகவாவது சேர்த்துப் பார்க்க வேண்டும் அல்லவா? அப்போது நம்மிடம் கடற்கொள்ளைக்கென்று தனிச் சட்டம்கூட இல்லை. 2022இல்தான் வந்தது. இனி வழக்கு நடக்கும், சாட்சி வேண்டும். சாட்சி சொல்லப்போவது அந்தச் சரக்குக் கப்பலின் குக்கும், மேல்தள மாலுமிகளின் தலைவரான போசனும்தான். எதைத் தொடக்கூடாது, எதைப் படமெடுத்து வைக்க வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

குடும்பங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு. பையன் ஏறியிருந்த கப்பலுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அந்த வீட்டுக்கு முதலில் தெரிந்தது டி.வி.யில் ஓடிய ஒரு வரியிலிருந்து. கம்பெனிக்குப் போன் போட்டால் மின்னஞ்சல் அனுப்புங்கள் என்றார்கள். அந்தம்மாவுக்கு மின்னஞ்சல் முகவரியே கிடையாது. பிள்ளை நல்லபடியாக வந்துவிட்டான் என்பது வேறு விஷயம். கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் இங்கே மும்பையில்தான் இருக்கிறது, நீங்களும் இங்கேதான் இருக்கிறீர்கள். பயிற்சி நடக்கும்போதே, கப்பலில் ஒத்திகை, கரையில் குடும்பத்துக்குச் செய்தி சொல்லும் ஒத்திகை என்று இரண்டையும் சேர்த்து நடத்தலாம். தமிழ், மலையாளம், மராத்தி, பெங்காலி பேசுகிற நாலு பேர் ஒரு போன் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

மீன்பிடிப் படகுகளை ஏன் சேர்க்கச் சொல்கிறேன் என்பது மும்பையில் இருக்கும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கிய பயங்கரவாதிகள் குபேர் என்ற மீன்பிடிப் படகைக் கடத்தி அதில்தான் வந்தார்கள். கரையேறும்போது அவர்களைப் பார்த்ததும் கஃப் பரேட் பக்கத்து மீனவர் குடியிருப்புக்காரர்கள்தான். அதற்குப் பிறகு மீனவர்கள் கடலின் கண்ணும் காதும் என்று சொல்லி, 2019இலிருந்து கடலோரப் பாதுகாப்புக்கான சீ விஜில் பயிற்சியில் அவர்களையும் சேர்த்தீர்கள். ஆக, வழி உங்களுக்கே தெரியும். உள்நாட்டுப் பயிற்சியில் செய்ததை வெளிநாட்டுக் கப்பல்கள் வரும்போதும் செய்யுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

வெளிநாட்டுக் கப்பலுக்கு நம் மீன்பிடிப் படகு என்ன, அது எப்படி ஓடும் என்றே தெரிவதில்லை. 2012 பிப்ரவரியில் கேரளக் கரைக்கு அப்பால் இத்தாலியக் கப்பலில் காவலுக்கு வந்த அந்நாட்டுக் கடற்படை வீரர்கள் கொள்ளையர் என்று நினைத்துச் சுட்டதில் இரண்டு மீனவர்கள் செத்தார்கள். அதில் ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துப் பையன். அந்த வழக்கு முடிய ஒன்பது வருடம் ஆனது. கன்னியாகுமரியின் தூத்தூர் பக்கத்து விசைப்படகுகள் சுறாவுக்கும் சூரைக்கும் கொச்சி, கோவா, ரத்னகிரி தாண்டிக் குஜராத் வரை போகும். 2017 ஒக்கிப் புயலில் கேரளப் படகுகளும் அவர்களுடைய படகுகளும் மகாராஷ்டிரத்தின் தேவ்கட்டில் ஒதுங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். மேற்குக் கடலில் பயிற்சி என்றால் நீங்கள் ஓடப்போவது இவர்கள் வலை கிடக்கும் தண்ணீரில்தான். தூண்டில் கயிறு மைல் கணக்கில் கிடக்கும். படகு மெதுவாக அதன் கூடவே நகரும், கூப்பிட்டால் திரும்ப முடியாது. வேறு கப்பல் நெருங்கி வந்தால் "வலை இருக்கு, தள்ளிப் போ" என்று சொல்ல அவர்களே கிட்டே ஓடி வருவார்கள். மீனவனுக்கு அது எச்சரிக்கை, பார்க்கிற துப்பாக்கிக்காரனுக்கு அது தாக்குதல். பிரெஞ்சு, பிரிட்டிஷ், அமெரிக்கக் காவல் ஆட்களுக்கு இதை ஒருமுறை கண்ணால் காட்டினால், நூறு பக்கக் கையேடு சொல்லாததைச் சொல்லும்.

பயிற்சிப் பகுதி இது, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை வராதே என்று டேராடூனில் உள்ள கடற்படையின் நீரளவை அலுவலகத்திலிருந்து எச்சரிக்கை போகிறது. பெரிய கப்பலுக்கு நாவ்டெக்ஸ் கருவியில் அச்சாகி வரும். படகுக்காரரிடம் அது கிடையாது. இப்போது மீன்பிடிப் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் தருகிறார்கள். ஒரு லட்சம் படகுகளுக்கான அந்தத் திட்டத்தைப் பிரதமர் 2024 ஆகஸ்டில் இங்கே பக்கத்தில் பால்கரில்தான் தொடங்கிவைத்தார். இருபக்கமும் செய்தி அனுப்பலாம். பயிற்சி எச்சரிக்கை அதில், படகுக்காரர் மொழியில், கரையிலிருந்து எத்தனை கடல் மைல் தொலைவு என்ற கணக்கில் போகிறதா, போனதைப் படித்தார்களா என்று ஒரு தடவை பயிற்சியிலேயே சோதித்துப் பாருங்கள்.

இலங்கைக் கடற்படையும் மிலனுக்கு முதல் ஆண்டிலிருந்தே வருகிறது. நம்மோடு மட்டும் தனியாக ஸ்லினெக்ஸ் பயிற்சியும் நடக்கிறது. ராமேஸ்வரத்துக்காரரிடம் போய் இதைச் சொன்னால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். அந்த வழக்கை இங்கே அவிழ்க்கவில்லை, அதற்கு அரசியல் மேசை வேண்டும். ஆனால் இரண்டு கடற்படையும் ஒன்றாகப் பயிற்சி செய்யும் அந்த நாலு நாளில், ஒரு விசைப்படகைச் சேதமில்லாமல், ஆளுக்குக் காயமில்லாமல் நிறுத்துவது எப்படி என்ற ஒத்திகையை வைக்க எந்த ஒப்பந்தமும் குறுக்கே வராது.

உங்கள் பக்கத்து ஆட்சேபங்களை யூகிக்க முடிகிறது. முதலாவது, ரகசியம். நீர்மூழ்கி வேட்டையையும் ஏவுகணைப் பயிற்சியையும் யாரும் கேட்கவில்லை. நான் கேட்பது எல்லாம் திறந்த அலைவரிசையில், உலகமே கேட்கப் பேசும் பகுதிதான். இரண்டாவது, எந்தக் கப்பல் முதலாளி ஒரு நாளைச் சும்மா விட்டுக்கொடுப்பான்? நியாயமான கேள்வி. பெரிய கப்பலின் ஒரு நாள் வாடகை லட்சக்கணக்கில் போகும். அதற்கு வழி உண்டு. மும்பைக்கும் நவசேவாவுக்கும் வெளியே நங்கூரமிட்டு இடத்துக்காகக் காத்திருக்கும் கப்பல்கள் எப்போதும் இருக்கின்றன. காத்திருக்கும் கப்பலுக்கு நேர நஷ்டம் இல்லை. நங்கூரத்தில் நின்றபடியே ரேடியோ ஒத்திகையும் குழாய் மாட்டுவதும் செய்யலாம். ஓடும் கப்பல் வேண்டும் என்றால் அரசுக்குச் சொந்தமான ஷிப்பிங் கார்ப்பரேஷன் நாரிமன் பாயின்டில் இருக்கிறது. நெருளில் டி.எஸ். சாணக்யா இருக்கிறது. அங்கே படிக்கும் கேடட்டுகளை ஒரு நாள் கப்பலேற்றினால் அவர்களுக்குப் பாடப்புத்தகமே தேவைப்படாது. மூன்றாவது, இன்சூரன்ஸ். ஆயுதத்தோடு ஆட்கள் ஏறும் ஒத்திகை என்றால் கிளப்காரர்கள், அதாவது கப்பல் முதலாளிகள் சேர்ந்து நடத்தும் காப்பீட்டுச் சங்கத்தார், ஆயிரம் கேள்வி கேட்பார்கள். முதல் தடவை ஆயுதம் இல்லாமல் ஏறட்டும். ஏணியும் வரிசையும் விசாரணையும் போதும்.

இது உலகத்துக்குப் புதிதும் இல்லை. நேட்டோ நாடுகளில் வணிகக் கப்பலோடு ஒத்துழைக்கவும் வழிகாட்டவும் என்.சி.ஏ.ஜி.எஸ். என்று கடற்படைக்குள்ளேயே தனி அமைப்பு உண்டு. நம்மிடமும் 2018 டிசம்பரில் குருகிராமில் இந்தியப் பெருங்கடலுக்கான தகவல் இணைப்பு மையத்தை வைத்தீர்கள். பல நாட்டு அதிகாரிகள் அங்கே அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள், கப்பல் நிறுவனத்தாரையும் பட்டறைக்கு அழைக்கிறார்கள். ஆனால் குருகிராமுக்கு வருவது கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி, கோட்டு சூட்டோடு. இரவு பத்து மணிக்கு ரேடியோவை எடுக்கும் தேர்ட் ஆபீசர் வருவதில்லை, வலை இழுக்கிறவரும் வருவதில்லை. உலகக் கப்பல்களில் வேலை செய்கிறவர்களில் பத்தில் ஒருவராவது இந்தியர் என்று கணக்குச் சொல்கிறார்கள். அவர்களைப் பயிற்சிக்குக் கூப்பிட நம்மைவிடப் பொருத்தமான நாடு எது?

ஒவ்வொரு பெரிய பயிற்சிக்கும் முன்னால் திட்டமிடல் கூட்டங்கள் நடக்கும், வரும் நாடுகள் எல்லாம் ஆள் அனுப்பும். அடுத்த கூட்டத்தில் இரண்டு நாற்காலி கூடுதலாகப் போடுங்கள். ஒன்று இப்போது கடலில் வேலை பார்க்கும் ஒரு கேப்டனுக்கு, என்னைப் போல ஓய்வு பெற்றவருக்கு வேண்டாம். இன்னொன்று சாசூன் டாக்கிலிருந்து படகு ஓட்டும் ஒரு தண்டேலுக்கு. அவருக்கு ஆங்கிலம் வராது என்றால் மொழிபெயர்க்க ஆள் போடுங்கள். பிரெஞ்சுக்காரருக்கும் ஜப்பானியருக்கும் போடுகிறீர்கள்தானே. கூட்டம் எந்த மாதம் என்று முன்கூட்டியே அறிவித்தால் நல்லது. கப்பல் ஆட்களுக்கு லீவு கிடைக்கக் குறைந்தது இரண்டு மாதம் முன்னாலேயே சொல்ல வேண்டும். மீனவர் பக்கம் ஜூன், ஜூலையில் மழைக்காலத் தடை இருக்கும், அப்போது வைத்தால் தண்டேல் கரையில்தான் இருப்பார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வணிகக் கப்பல் அதிகாரி ஒருவன்
செம்பூர், மும்பை